விளக்கு வைக்கும் முன்

உலையில் அரிசியைக் களைந்து போட்டுவிட்டு, ராசாத்தி கையைத் துடைத்துக்கொண்டு சாமி மாடத்தின் முன் வந்து உட்கார்ந்தாள். அகலை ஏற்றி, திருநீறு இட்டு, பிறகு செல்போனை எடுத்துக் குங்குமச் சிமிழின்மேல் சாய்த்து வைத்தாள். தினமும் விடிகாலையில் அதே வரிசைதான். முதலில் ஆத்தாவுக்கு விளக்கு, அதற்கப்புறம் அந்தப் பாட்டு. சத்தத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவுக்குக் குறைத்து வைத்துக்கொள்வாள். திரையில் புல் முளைத்த மலைச்சரிவு ஒன்று வரும். பின்னால் கறுத்த கடல். மரமே இல்லாத அந்த ஊரில் காற்று ஓயாமல் அடிக்கும். அந்தக் காற்றில் முடி முகத்தில் விழ, மாநிறமான ஒரு பெண் கிதாரைக் கட்டிக்கொண்டு நின்று பாடுவாள். அவளைச் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் வெளுத்த தோலும் செம்பட்டை முடியுமாக இருப்பார்கள். அவள் ஒருத்தி மட்டும் நாமக்கல் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருக்கும் பெண்ணைப்போல இருப்பாள்.

அவள் பெயர் சோல்ருன். அந்தப் பெயர் ராசாத்தியின் வாயில் நுழைந்ததே இல்லை. மனசுக்குள் பாப்பா என்று சொல்லிக்கொள்வாள்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் மூத்த மகள் அறிவுச்செல்வி திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்தபோது, படுத்துக்கொண்டே போனைத் தள்ளிக்கொண்டிருந்தவள், "இங்க பாரும்மா, நம்ம சேலத்துத் தொட்டில்ல போட்ட புள்ளையாம். எங்கியோ ஃபாரோன்னு தீவாம், அங்க பெரிய பாட்டுக்காரி" என்று நீட்டினாள். ராசாத்தி அப்போது கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். பார்த்தாள். நெற்றியும் தாடையும் இறந்துபோன வீட்டுக்காரர் குழந்தைவேலுடையது மாதிரி இருந்தது. அப்படித் தெரிவது ஆசையினால்தான் என்றும் உடனே தோன்றியது. காயை ஆய்ந்து முடித்து, முறத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் அங்கேயே நின்றாள். அடுத்த மாதம் மகளிடம் சொல்லித் தன் போனிலும் அந்தப் பெண்ணின் பாட்டுகளை ஏற்றி வைத்துக்கொண்டாள். மாமியாருக்கு வயசான காலத்தில் வெள்ளைக்காரப் பாட்டு கேட்கிறது, அடுத்தாப்பில் குட்டைப் பாவாடை வாங்கிக் கொடுக்கணும் என்று மருமகன் கிண்டல் பண்ணினார். ராசாத்தியும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் பிழைப்பு முழுவதும் ராசாத்திக்குத் தெரியும். படத்துக்குக் கீழே ஓடும் எழுத்தை மகள் படித்துச் சொல்லுவாள். வளர்த்த அப்பா மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்தவர். அம்மா பள்ளிக்கூட டீச்சர். அந்தத் தீவுகள் அத்தனையும் சேர்ந்தாலும் நாமக்கல் டவுன் சனம் இல்லை. அவ்வளவு பேருக்கென்று ஒரு பாஷை, அந்தப் பாஷையில் சர்ச்சில் பாடிப் பழகியவள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தானே பாட்டுக் கட்டினாள். பெரிய பாட்டுக்காரி ஆகவேண்டுமென்று கோபன்ஹேகனுக்குப் போய் இங்கிலீஷில் பாடினாள். யாரும் சீந்தவில்லை. ஊர் திரும்பி மீன் தொழிற்சாலையில் பெட்டிக்குள் மீன் அடுக்கும் வேலைக்குப் போனாள். அதை மட்டும் மகளை இரண்டு தடவை படிக்கச் சொல்லி ராசாத்தி கேட்டாள். தானும் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறவள்தானே. மீன் அடுக்கிக்கொண்டே அவள் தன் பாஷையில் கட்டிய பாட்டுகள்தான் பிறகு பரிசு வாங்கின. ஐஸ் மூடிய ஊர்களுக்கெல்லாம் கூப்பிட்டுப் பாடச் சொன்னார்கள். நடுவில் தொண்டையில் கட்டி வந்து ஒரு வருஷம் பேசாமலே கிடந்தாளாம். அந்த வருஷம் ராசாத்தி ஆத்தாளுக்கு மாவிளக்கு எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். கட்டி கரைந்தது. எடுத்த மாவிளக்கைத் தொண்டைக்குழியின்மேல் ஒற்றிக்கொண்டு நின்றபோது, யாருக்காக என்று பூசாரி கேட்டார். பேத்திக்கு என்று பொய் சொன்னாள்.

அதற்கப்புறம் அவள் குரல் கொஞ்சம் கனத்துப்போனது. அந்தக் குரலில் வந்த முதல் பாட்டுதான் இது. கடலைப் பார்த்தே இராத ஒருத்தியைப் பற்றிய பாட்டு என்று அறிவுச்செல்வி சொன்னாள். அந்த ஒருத்தி வெயிலில் நிற்கிறாளாம். அவள் கையில் எதுவும் இல்லையாம். கைதான் இன்னும் மடங்கியே இருக்கிறதாம்.

ராசாத்தி கடலைப் பார்த்ததில்லை.

ராசாத்தி தொட்டிலில் விட்டுவிட்டு வந்தது இரண்டாவது பெண்ணை. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து ஊர்களில் இரண்டாவது, மூன்றாவது பெண்ணுக்கு என்ன நடக்கும் என்பதை இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சேலத்தில் அரசாங்கம் தொட்டில் வைத்திருக்கிறது, கொண்டுபோய்ப் போட்டால் பிள்ளை உயிரோடாவது இருக்கும் என்று குழந்தைவேல்தான் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை. லாரி ஓட்டிச் சம்பாதித்ததைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிற மனுஷர். ஊரில் அப்போது மாரியம்மனுக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். முக்கவராகப் பிரிந்த வேம்பை வெட்டிக் கொண்டுவந்து கோயில் முன்னால் நட்டுவிட்டால் அதுதான் ஆத்தாளின் புருஷன். பெண்கள் மஞ்சள் நீர் ஊற்றுவார்கள், ஆண்கள் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடுகிறவரை ஊர்க்காரர் யாரும் எல்லைக்கு வெளியே இரா தங்கக் கூடாது. விளக்கு வைக்கும் முன் ஊருக்குள் வந்துவிட வேண்டும்.

பிள்ளையை மஞ்சள் துணியில் சுற்றினாள். கம்பத்திலிருந்து ஒரு கொத்து வேப்பந்தழை ஒடித்து நெஞ்சோடு வைத்தாள். தொட்டிலில் கிடத்திவிட்டு எதிரில் இருந்த புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். யார் வந்து எடுக்கிறார்கள், எப்படி எடுக்கிறார்கள், தலையைத் தாங்கி எடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். குழந்தைவேல் டீக்கடைக்கும் மரத்துக்குமாக நடந்தார். "பொழுது எறங்குது ராசாத்தி. கம்பம் நட்டுருக்குது" என்றார். ஆத்தா கோபித்துக்கொண்டால் இருக்கிற ஒன்றுக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து எழுந்து பஸ் ஏறினாள். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. யாரும் இன்னும் வந்திருக்கவில்லை. விளக்கு வைப்பதற்குள் ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள். பிள்ளை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாக ஊருக்குச் சொன்னார்கள். ஆத்தாளுக்குப் பயந்து, ஆத்தா கொடுத்ததையே விட்டுவிட்டு நேரத்துக்கு வீடு திரும்பியவள் தான் ஒருத்திதான் என்று பிறகு எத்தனையோ பங்குனியில் நினைத்து நினைத்துக் கண்ணீர் விட்டிருக்கிறாள்.

பண்ணையில் அவளோடு முட்டை எடுப்பவர்களில் பாவாயி மூத்தவள். ராசிபுரம் பக்கம். புருஷன் விட்டுவிட்டுப் போய், பிள்ளை குட்டி இல்லாமல், ஒற்றை அறையில் தனியாக இருப்பவள். கூண்டு வரிசைகளுக்கு நடுவே இருவரும் ஆளுக்கொரு பக்கமாக அட்டைகளில் முட்டை அடுக்கிக்கொண்டே போவார்கள். ஆயிரக்கணக்கில் கோழிகள், எல்லாம் பெட்டை. குஞ்சு பொரிக்கிற இடத்திலேயே சேவலை ஒதுக்கிவிடுவார்கள், இந்தத் தொழிலில் பெட்டைக்குத்தான் மதிப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை நினைத்து ராசாத்தி ஒருமுறை அழுதிருக்கிறாள். கோழிச்சாணி நெடி கண்ணில் ஏறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் கூண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. கோழிகளின் கொக்கரிப்புக்கு நடுவே மெல்லிசாக ஏறி இறங்கிய அந்த ராகத்தைக் கேட்டதும் ராசாத்தியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன பாட்டுங்கக்கா அது?"

"சும்மா. ஏதோ சினிமாப் பாட்டு."

"எந்தப் படத்துல?"

கூண்டுக் கம்பிகளின் வழியே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பாவாயி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தம்பி பேத்தி இனியா காலேஜ் லீவில் வந்தபோது போட்டுக் காட்டியதாகச் சொன்னாள். அதன்பிறகு தினமும் விடிகாலையில் அதைக் கேட்காமல் வேலைக்குக் கிளம்புவதில்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ விலாசம் சொல்வதைப்போல மெதுவாகச் சொன்னாள்.

"நானும் ஒண்ணைக் கொண்டுபோய் விட்டவதான் ராசாத்தி. ஒண்ணே ஒண்ணு. எங்கூர்ல அப்ப மாரியாத்தா நோம்பி. வேப்பந்தழை வெச்சுத்தான் விட்டேன். இந்தப் புள்ள துணியிலயும் இருந்துச்சாமே?"

அது உண்மைதான். வளர்த்த அம்மா அந்தக் காய்ந்த தழையைப் பத்திரமாக வைத்திருந்ததாகவும், அந்தப் படத்தைத்தான் பாட்டுத் தட்டின் அட்டையில் போட்டிருப்பதாகவும் சோல்ருன் ஒரு பேட்டியில் சொல்லியிருந்தாள். ராசாத்திக்குத் தன் சோற்றுப் பானைக்குள் வேறு யாரோ கையை விட்டதுபோல இருந்தது. எந்த வருஷம் என்று கேட்டாள். கிணறு வற்றின வருஷம் என்றாள் பாவாயி. ராசாத்திக்கு லாரி ஸ்ட்ரைக் நடந்த வருஷம். இரண்டும் ஒன்றா, முன்பின்னா என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. இல்லத்தில் சேர்த்த தேதியைத்தான் பிறந்த தேதியாக எழுதினார்கள் என்று அந்தப் பெண்ணே சொல்லியிருக்கிறாள்.

"பங்குனில இந்தப் பக்கம் பாதி ஊர்ல கம்பம் நடறாங்க. ஊரெல்லாந்தான் வேப்பந்தழை வெச்சிருப்பாங்க" என்றாள் ராசாத்தி. குரல் அவள் நினைத்ததைவிட வெடுக்கென்று வந்தது.

பாவாயி தலையாட்டினாள். "ஆமா சாமி. ஊரெல்லாந்தான் வெச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் முனகுவதை நிறுத்திவிட்டாள். மத்தியானத்தில் சோற்றைத் தனியாக எடுத்துக்கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து தின்றாள். கூப்பிடவேண்டும் என்று ராசாத்திக்குத் தினமும் தோன்றும். தினமும் கூப்பிடாமலே எழுந்து கை கழுவுவாள்.

மாசி முடியும்போது புதிதாக ஒரு வீடியோ வந்தது. அறிவுச்செல்வி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னாள். தன் பாட்டை எந்தெந்த ஊரில் கேட்கிறார்கள் என்று கம்ப்யூட்டரில் ஒரு உலகப் படத்தில் தெரியும் என்று சோல்ருன் சொன்னாள். பூமியின் கீழ்ப்பக்கத்தில், சேலம் பக்கமாக, ஒரு சின்னப் புள்ளி வருஷக்கணக்காக ஒரு நாள் தவறாமல் தெரிகிறதாம். தன் ஊரில் எல்லாரும் தூங்குகிற நேரத்தில், அங்கே விடியும்போது, யாரோ தன் பாட்டைப் போடுகிறார்களாம். அது யாரென்று தெரியாது, அவர்களுக்காகவே பங்குனியில் சேலம் வருகிறேன் என்றாள். அம்மாபேட்டையில் ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் சாயங்காலம் பாடுவாள். மத்தியானத்திலிருந்தே அங்கே இருப்பாள். அந்தக் காலத்தில் பெண் பிள்ளையை விட்டுவிட்டு வந்த அம்மாக்கள் யார் வந்தாலும் சரி, பெயர்கூடச் சொல்லவேண்டாம், ஒரு போன் நம்பர் போதும். பஞ்சுக் குச்சியால் வாயில் எச்சில் மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஒத்துப்போனால் சொல்லி அனுப்புவார்கள், இல்லையென்றால் இல்லை. தனக்கு யார்மேலும் கோபம் இல்லை என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

படித்து முடித்த அறிவுச்செல்வி போனை அணைத்து அம்மாவின் மடியில் வைத்தாள். பிள்ளையைத் தொட்டிலில் விட்டபோது அவளுக்கு மூன்று வயசு. ஒன்றும் நினைவிருக்காது என்றுதான் ராசாத்தி இத்தனை காலம் நம்பியிருந்தாள். புறப்படும்போது மகள் பள்ளிக்கூடத்தின் பெயரையும் எந்த டவுன் பஸ் ஏறவேண்டும் என்பதையும் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமலே, "பாத்தீன்னா, அக்கா கேட்டான்னு சொல்லும்மா" என்றாள்.

அந்த நாள் வந்தபோது ஊரில் கம்பம் நட்டிருந்தார்கள். ராசாத்தி கணக்குப் போட்டு வைத்திருந்தாள். காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். மத்தியானம் எச்சில் கொடுத்துவிட்டு, முகத்தை ஒருதரம் பக்கத்தில் பார்த்துவிட்டு, பாட்டுக்கு நிற்காமல் பஸ் ஏறினால் விளக்கு வைப்பதற்குள் வந்துவிடலாம். குளித்து, கம்பத்துக்கு மஞ்சள் நீர் ஊற்றி, ஒரு கொத்து தழை ஒடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பாவாயிக்கு இந்தச் சேதி தெரியாது. இனியா ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், படித்துச் சொல்ல வேறு ஆள் கிடையாது. பாட்டு மட்டும் தினமும் அந்த வீட்டில் விடியும்போது ஓடுகிறது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். புதுச்சத்திரம் தாண்டியது. அந்தத் தீவில் தெரிந்த புள்ளி ஒன்றுதானா, இரண்டு புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒன்றாகத் தெரிந்ததா என்று நினைத்தாள். தனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அக்கா கேட்டாள் என்று சொல்லி அனுப்புகிற மகள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக உட்கார்ந்து தின்கிறவளுக்கு அந்தப் புள்ளியை விட்டால் உலகத்தில் வேறு என்ன இருக்கிறது? அன்றைக்குத் தொட்டிலுக்கு எதிரில் இருந்து எழுந்து வந்ததைப்போல இன்றைக்கும் ஒன்றை விட்டுவிட்டுத்தான் போகிறோம் என்று தோன்றியதும் எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்தாள். ராசிபுரத்தில் இறங்கிவிட்டாள்.

பாவாயியின் வீடு பஸ் நிற்கிற இடத்திலிருந்து வெகு உள்ளே இருந்தது. அவளுக்கு அன்றைக்கு லீவு என்று நினைத்தது தப்பு, பண்ணைக்குப் போயிருந்தாள். திரும்பிப் பண்ணைக்குப் போய், மேஸ்திரியிடம் சொல்லி அவளை வெளியே கூட்டிக்கொண்டு வருவதற்குள் வெயில் மேற்கே சாய்ந்துவிட்டது. விஷயத்தைக் கேட்ட பாவாயி கையிலிருந்த அட்டையை இறக்கி வைக்கத் தோன்றாமல் நின்றாள்.

"எனக்கெதுக்கு சாமி சொன்னே? நீ போயிருக்கலாமே."

"போயிருப்பேனுங்க. பாதி வழி போயிட்டுத்தான் வாரேன்."

"உங்கூர்ல கம்பம் நட்டிருக்குமே. பொழுதோட திரும்ப முடியாதே."

"கம்பம் நட்டா என்ன பண்றது. நீங்க சீலையை மாத்துங்க."

சேலத்துக்குப் போகும் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். மல்லூர் வந்தபோது பாவாயி கேட்டாள், "உம் புள்ளையா இருந்தா நானு என்ன பண்றது?"

"பெரியம்மாளா இருந்துக்குங்க."

"எம் புள்ளையா இருந்தா?"

"நான் சின்னம்மா."

பாவாயி சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோய், "ரெண்டு பேருதும் இல்லீன்னா?" என்றாள்.

ராசாத்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பனைமரங்களின் நிழல் ரோட்டைக் கடந்து அந்தப் பக்க வயலில் விழுந்து கிடந்தது. "பாட்டு கேட்டுட்டு இருக்கலாமுங்க. அதுக்கு என்ன" என்றாள்.

அரங்கத்துக்கு வந்தபோது கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. வாசலில் போட்டிருந்த மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். மேசைக்கு எதிரே, இவர்களைப்போலவே நைந்த சேலை கட்டிய சில பெண்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் தனித்தனியாக நின்றிருந்தார்கள். அத்தனை பேரையும் பார்த்தபோது ராசாத்திக்கு முதலில் திக்கென்றது, பிறகு என்னவோ மனசு லேசானது. பாவாயி குச்சியைப் பார்த்ததும் பின்வாங்கினாள். ராசாத்தி முன்னால் போய் வாயைத் திறந்து காட்டினாள். "வலிக்காதுங்கக்கா. ஒண்ணுமில்ல." பாவாயி கண்ணை இறுக மூடிக்கொண்டு, சோறு ஊட்டக் காத்திருக்கும் குருடரைப்போல வாயைத் திறந்தாள். முடிவு தெரிய ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பெண் இருவருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை தம்ளரைத் திருப்பி வாங்கிக்கொள்வதற்காக எழுந்து நின்றிருந்தாள். அந்தச் சின்ன மரியாதையில் ராசாத்திக்குக் கண் நிறைந்தது.

உள்ளே சோல்ருன் மேடை ஏறாமல் தரையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடினாள். போனில் தெரிந்ததைவிடக் குள்ளம். கழுத்தில் வியர்வை வழிந்தது. ஜன்னல் வழியே தெரிந்த வானம் முதலில் மஞ்சளாகி, பிறகு செங்கல் நிறமாகி, பிறகு கருத்தது. எதிர்ச்சாரியில் ஒரு வீட்டு வாசலில் யாரோ விளக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். ராசாத்தி அதைப் பார்த்தாள். ஊரில் இந்நேரம் பறை அடித்திருப்பார்கள், கம்பத்தைச் சுற்றி ஆட ஆரம்பித்திருப்பார்கள். யார் வீட்டில் ஆள் குறைகிறது என்று பூசாரி கேட்பார். அன்னைக்கு நேரத்துக்கு வந்துட்டேன் ஆத்தா, இன்னைக்கு வரமாட்டேன், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வேண்டுதலாகவும் இல்லை, மன்னிப்பாகவும் இல்லை. வீட்டு ஆளிடம் சொல்லிவிட்டுப் போவதுபோலத்தான் இருந்தது.

கடைசியில் அவள் கிதாரைக் கீழே வைத்தாள். தன் ஊரில் பாட்டை வெறுமனே கேட்க மாட்டார்கள், கையைக் கோத்து வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள், எல்லாரும் எழுந்து வாருங்கள் என்று மொழிபெயர்க்கிற பெண் மூலமாகச் சொன்னாள். நாற்காலிகளை ஒதுக்கினார்கள். காலேஜ் பெண்கள் சிரித்துக்கொண்டே போய் நின்றார்கள். "நம்ம கம்பத்தாட்டம் மாதிரி இருக்குது" என்று பாவாயி காதோரம் சொன்னாள். வாசலில் தனித்தனியாக நின்ற பெண்கள் சுவரோரம் ஒண்டியிருந்தார்கள். ராசாத்தி அவர்களில் இரண்டு பேரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வட்டத்துக்குள் போனாள். பாவாயியும் வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தத் தழையை எதற்கென்று தெரியாமல் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. இந்தப் பக்கம் இரண்டு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி. ராசாத்தியின் கால் வருஷா வருஷம் பார்த்த கம்பத்தாட்டம் மாதிரிதான் போனது, வட்டம் ஓரிடத்தில் தடுமாறியது. வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த சோல்ருன் அதைப் பார்த்துவிட்டு, கையை விடுவித்துக்கொண்டு நடந்து வந்தாள். ராசாத்திக்கும் பாவாயிக்கும் நடுவில் புகுந்து நின்று, இரண்டு பேருக்கும் ஒவ்வொரு கையை நீட்டினாள். ராசாத்தியின் மடங்கிய விரல்களுக்குள் அவளுடைய விரல்கள் நுழைந்தன. நடுவில் இருந்த தழை நசுங்கி, ஈரம் இரண்டு உள்ளங்கையிலும் பரவியது. சோல்ருன் குனிந்து ராசாத்தியின் காலைப் பார்த்தாள். பாட்டை நிறுத்தாமலே தன் காலை மாற்றி, அந்தக் கால் போகிற வழிக்கே எடுத்து வைத்தாள். வட்டம் மறுபடி சுற்றியது. வேப்பந்தழையின் கசந்த வாசனை மெல்ல மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.